இணையம் திறக்காத கதை



கணினியைப் போட்டால் எரிகிறது. தேதி, நேரம், பேத்தியின் படம் எல்லாம் திரையில் வருகிறது. செய்தித்தாள் பக்கத்தைத் திறக்கப் போனால் மட்டும், ‘இந்தத் தளத்தை அடைய முடியவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. நம் வயதுக்காரர்களுக்கு உடனே தோன்றுவது, ‘நாம்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டோம்’ என்பதே. அடுத்து, பழுது பார்க்கும் பையனைக் கூப்பிடுகிறோம். அவன் வந்து, ‘ஃபார்மேட் பண்ணிடலாம் சார்’ என்கிறான். அப்படிப் பண்ணியதில் பத்து வருடப் புகைப்படங்கள் போன வீடுகள் எனக்குத் தெரியும்.

இந்தக் கோளாறுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

இணையத்தின் மூதாதையான ஆர்பாநெட்டில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29 இரவு. லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர் உட்கார்ந்திருந்தார். வடக்கே ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பில் டுவால். அனுப்ப வேண்டிய சொல் ‘லாகின்’. இருவர் காதிலும் சாதாரணத் தொலைபேசி. ‘எல் வந்ததா?’ ‘வந்தது.’ ‘ஓ வந்ததா?’ ‘வந்தது.’ மூன்றாவது எழுத்தில் மறுமுனைக் கணினி படுத்துவிட்டது! சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் சரிசெய்து முழுதாக இணைந்தார்கள்.

ஆக, இணையம் பிறந்த நாளன்றே இணையம் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்ய இரண்டு பேர் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்று நாம் அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ‘இப்போ எதை அழுத்தணும்?’ என்று கேட்கிறோமே, அந்த மரபு அங்கே தொடங்கியது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அதற்கு முன்பே, 1986 முதல், எர்நெட் என்ற கல்வி வலையமைப்பு இருந்தது. சென்னை ஐ.ஐ.டி. அதில் ஓர் அங்கம். வீட்டுக்கு வந்த இணையமோ தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. மோடம் கீச்கீச்சென்று கத்தும். இணைப்பு கிடைத்தால் தொலைபேசி ‘எங்கேஜ்ட்’. உள்ளறையில் யாராவது இணைப்புத் தொலைபேசியை எடுத்து ‘ஹலோ’ என்றால் எல்லாம் அறுந்துபோகும். மழை பெய்தால் கம்பியில் இரைச்சல், இணைப்பு நிற்காது. அந்த நாளில் பக்கம் திறக்காவிட்டால் நாம் கணினியைக் குறை சொல்லவில்லை. கம்பியைத்தான் முதலில் பார்த்தோம். அது நல்ல பழக்கம். இப்போது கம்பி கண்ணில் படாததால் மறந்துவிட்டோம்.

கம்பி இன்றும் இருக்கிறது, கடலுக்கடியிலும்கூட. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே, மத்தியதரைக் கடலில் இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்தன. அவற்றில் ஒன்றின் கிளை நம் சென்னைக் கடற்கரையிலேயே ஏறுகிறது. இந்தியாவின் இணைய வேகம் பல நாள் நொண்டியடித்தது. அந்த வாரம் எத்தனை பேர் தங்கள் வீட்டுக் கணினியைத் திறந்து தூசி தட்டினார்களோ! சென்னைக்குக் கடல் கம்பி புதிதல்ல. 1871-லேயே மதராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தந்தி போய்க்கொண்டிருந்தது.

சரி, கம்பி நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஒரு கருவியை 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் எழுதினார். அவர் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர். வலையமைப்பில் ஏதோ கோளாறு. எதிர்முனைக்கு ஒரு சிறு தகவலை அனுப்பி, அது திரும்பி வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஓசையை நினைத்து ‘பிங்’ என்று பெயர் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதி முடித்து முதல் ‘பிங்’ அனுப்புவதற்குள் அந்தக் கோளாறை வேறு யாரோ சரிசெய்துவிட்டார்கள். ஆனால் கருவி உலகெங்கும் நிலைத்துவிட்டது. நாற்பது வருடத்துக்குப் பிறகும் நம் வீட்டுக் கணினிக்குள் அது இருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பெயரைச் சொன்னால் எண்ணைக் கண்டுபிடித்துத் தர ஒருவர் வேண்டும். நம் காலத்துத் தொலைபேசியில் 197 சுழற்றினால், ஊரையும் பெயரையும் கேட்டு எண்ணைச் சொல்வார்களே, அதே வேலை.

ஆர்பாநெட்டின் தொடக்கத்தில் இந்த 197 ஒரே ஓர் அலுவலகம்தான். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு, எல்லாக் கணினிகளின் பெயரையும் எண்ணையும் ஒரே பட்டியலாக வைத்திருந்தது. புதிய கணினி வந்தால் அவர்களிடம் சொல்லிப் பதிய வேண்டும். மற்றவர்கள் அந்தப் பட்டியலை நகலெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் அந்த ஒரே பட்டியலைப் பல இடங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டை வகுத்தார். இன்றைக்கு நாம் ஒரு பெயரைத் தட்டும்போதெல்லாம், நமக்குத் தெரியாமலே ஒரு 197-ஐக் கேட்டுவிட்டுத்தான் கணினி அடுத்த அடி வைக்கிறது.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. எண்ணைக் கொடுத்து பிங் செய்தால் பதில் வருகிறது, பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால், கம்பி நன்றாக இருக்கிறது, 197தான் எடுக்கவில்லை என்று பொருள். பெயர் சொல்லும் சேவையின் எண்ணை மாற்றிக் கொடுத்தால் போதும். இதற்குப் போய் ஃபார்மேட் செய்வது, டைரக்டரி கிழிந்ததற்கு வீட்டை இடித்துக் கட்டுவது போல.

197-ல் பேசுபவரே திருடனாக இருந்தால்? அதுவும் நடந்தது. 2007 முதல், எஸ்டோனியா நாட்டின் டார்ட்டு நகரைச் சேர்ந்த ஒரு கும்பல், ‘வீடியோ பார்க்க இதை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஆசைகாட்டி ஒரு நச்சு நிரலைப் பரப்பியது. டி.என்.எஸ். சேஞ்சர் என்று அதற்குப் பெயர். அது ஒன்றே ஒன்றைத்தான் முக்கியமாகச் செய்தது: கணினி கேட்க வேண்டிய 197-ன் எண்ணைத் தன் எண்ணாக மாற்றிவிட்டது. பக்கங்கள் எல்லாம் வழக்கம்போலத் திறந்தன. ஆனால் அவர்கள் விரும்பிய இடத்தில், விரும்பிய விளம்பரத்தோடு. நூறு நாடுகளுக்கும் மேல், சுமார் 40 லட்சம் கணினிகள். சம்பாதித்தது குறைந்தது 1 கோடியே 40 லட்சம் டாலர்.

2011 நவம்பரில் ஆறு பேர் கைதானார்கள். அப்போது அமெரிக்கக் காவல்துறைக்கு ஒரு சங்கடம். திருடர்களின் கணினிகளை அன்றே நிறுத்தினால், அவற்றையே நம்பியிருக்கும் லட்சக்கணக்கான வீடுகளில் இணையம் அந்த நொடியே நின்றுபோகும். அதனால் நீதிமன்ற அனுமதியோடு, அதே எண்களில் நேர்மையான கணினிகளை வைத்து நடத்தினார்கள். திருடனின் நாற்காலியில் நல்லவரை உட்காரவைத்து, ‘அவகாசம் தருகிறோம், எல்லோரும் சரிசெய்துகொள்ளுங்கள்’ என்றார்கள். முதலில் மார்ச் வரை, பிறகு நீட்டித்து 2012 ஜூலை 9 வரை. கூகுளும் ஃபேஸ்புக்கும் பயனர்களுக்கு எச்சரிக்கை காட்டின. அப்படியும் கடைசி நாளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சரிசெய்யப்படாமல் இருந்தன. அவற்றில் இந்தியாவில் இருந்தவையும் கணிசம். ஜூலை 9 திங்கட்கிழமை அந்த வீடுகளுக்குப் பெயர் சொல்ல ஆள் இல்லாமல் போனது. கணினி நன்றாக இருந்தது, கம்பி நன்றாக இருந்தது. மாற்ற வேண்டியது ஓர் எண். 2016-ல் அந்தக் கும்பலின் தலைவனுக்கு நியூயார்க் நீதிமன்றம் 7 ஆண்டு 3 மாதம் சிறை விதித்தது.

எனக்கு இந்தக் கதையில் உறைப்பது இதுதான். திறக்காத பக்கத்தைக் கண்டு பயப்படுகிறோம். ஆனால் நான்கு வருடம் அந்தக் கணினிகளில் பக்கங்கள் ஒழுங்காகத் திறந்தபோதுதான் ஆபத்து இருந்தது. நின்றுபோன நாளில் ஆபத்து போய்விட்டிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, தேதி. இப்போது பெரும்பாலான தளங்கள் ‘நான் நான்தான்’ என்று ஒரு சான்றிதழ் காட்டுகின்றன. அதற்குக் காலாவதித் தேதி உண்டு. கணினிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது எந்தச் சான்றிதழும் செல்லாது என்று கணினி அடம்பிடிக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று, பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழே காலாவதியானது. உலகெங்கும் பழைய கணினிகள் சில, முதல் நாள் வரை திறந்த பக்கங்களை அன்று திறக்க மறுத்தன. யாரும் எதையும் தப்பாக அழுத்தவில்லை.

நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2014 நவம்பர் 10 முதல், ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான சான்றைக்கூட ஜீவன் பிரமாண் மூலம் இணையத்தில் கொடுக்கலாம். வங்கி, மின்கட்டணம், ரயில் சீட்டு எல்லாம் அதே வழி. பக்கம் திறக்காத நேரம் பார்த்து, ‘உங்கள் கணினியில் வைரஸ், நான் சரிசெய்கிறேன்’ என்று முன்பின் தெரியாதவர் போனில் வந்தால், பதற்றத்தில் இருப்பவர் சம்மதித்துவிடுவார். காரணம் தெரிந்தவர் சம்மதிக்க மாட்டார்.

ஆகவே யாரையும் கூப்பிடும் முன், வரலாறு கற்றுத்தந்த வரிசையில் ஐந்து கேள்விகள். கம்பியும் பெட்டியின் விளக்கும் சரியா? அதே இணைப்பில் வேறு கணினியோ கைபேசியோ திறக்கிறதா? ஒரே தளம் மட்டும் திறக்கவில்லையா, எல்லாமேவா? எண் போய்ப் பெயர் போகவில்லையா? திரையின் மூலையில் தேதியும் வருடமும் சரியா? இதற்குள் விடை கிடைக்காவிட்டால் பழுது பார்ப்பவரை அழையுங்கள். அவரிடம் இந்த ஐந்துக்கும் பதிலைச் சொல்லுங்கள். ‘ஃபார்மேட்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வருமுன், புகைப்படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டாரா என்று கேளுங்கள்.