அடையாற்று மடல்களும் சான்றின் சிக்கலும்
ஏ. பி. சின்னெட்டின் 'தி அக்கல்ட் வேர்ல்ட்' (1881), பிளாவட்ஸ்கியைச் சூழ்ந்த அற்புதங்களையும் மகாத்மாக்களுடையனவாகக் கூறப்பட்ட மடல்களையும் சான்றுகளாக முன்வைத்தது. 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ், எம்மா கூலம் அளித்த கடிதங்களை வெளியிட்டு, அவ்வற்புதங்கள் சூழ்ச்சியே என்றது. அக்கடிதங்களைப் பிளாவட்ஸ்கி போலியென மறுத்தார். இலண்டன் சைக்கிகல் ரிசர்ச் சொசைட்டி சார்பில் அடையாற்றுக்கு வந்த ரிச்சர்டு ஹாட்ஜ்சன், கையெழுத்து ஒப்பீட்டையும் துணைக்கொண்டு, 1885இல் அவரை மோசடியாளர் என அறிக்கையளித்தார். 1986இல் வெர்னன் ஹாரிசன், அதே சொசைட்டியின் ஆய்விதழில் அவ்வறிக்கையின் ஆய்வுமுறையைக் கடுமையாக மறுத்தார்.

வாதிட்டோர் மாறினும், வழக்கு எழுத்துச் சான்றையே மையமிட்டது. ஆகவே, அற்புதம் மெய்யா பொய்யா என்னும் வினாவோடு நின்றுவிடாமல், காலனியச் சென்னையில் எது சான்றாக ஏற்கப்பட்டது என்பதற்கான ஆவணங்களாக இந்நூல்களை வாசிப்பதே வரலாற்றாய்வுக்குப் பயன்தரும்.