ஈயமும் உண்கலமும்

ஓர் இனம் என்ன உண்டது என்பதை வரலாற்றாசிரியர் எழுதுவர். எதில் உண்டது என்பதைப் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுவர். ஆயினும் உண்கலம் ஊமையன்று. அதை வார்த்தவன், விற்றவன், வாங்கிப் பயன்படுத்தியவன் ஆகிய மூவர் கதையையும் அது சொல்லவல்லது. மலேசியத் தமிழராகிய நமக்கு அக்கதையைத் தொடங்க ஏற்ற இடம் ரவாங்.

கோலாலம்பூருக்கு வடக்கே அமைந்த ரவாங், ஈயத்தால் எழுந்த ஊர். 1892இல் இருப்புப் பாதை அங்குச் சென்றடைந்தது. 1894இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் அங்கிருந்த தம் ஈயச் சுரங்கத்தில் நீரிறைக்க மின்பொறியை நிறுவினர். மலாயாவில் மின்சாரப் பயன்பாடு தொடங்கியது அங்கேதான் என்பர். குட்டைகளில் இறங்கி மண் வெட்டியோர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். இருப்புப் பாதையிலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் உழைத்தோருள் தமிழர் மிகப் பலர்.

அம்மண்ணிலிருந்து எடுத்த வெள்ளீயம் எங்குச் சென்றது? பெரும்பகுதி கடல் கடந்து, உணவுக் குவளைகளுக்குரிய தகடாயிற்று. ஒரு சிறு பகுதி உள்நாட்டிலேயே கலைப்பொருளாக மலர்ந்தது. 1885இல் சீனாவின் சுவாத்தோவிலிருந்து கோலாலம்பூர் வந்த யோங் கூன் என்னும் கைவினைஞர், ஈயத்தை உருக்கி வழிபாட்டுக்குரிய ஊதுவத்திச் செப்புகளையும் விளக்குத் தண்டுகளையும் செய்தார். பின்னாளில் ஆங்கிலேயர் விருப்பத்திற்கேற்ப அவர் குடும்பத்தார் குவளைகளும் தேநீர்க் கலங்களும் தட்டுகளும் வார்த்தனர். 1992 முதல் ரோயல் சிலாங்கூர் என்று பெயர் வழங்கும் செத்தாப்பாக் தொழிலகம் அம்மரபின் வளர்ச்சியே. அவர்கள் கையாளும் பியூட்டர் என்னும் கலப்பு உலோகத்தில் நூற்றுக்கு 90 பங்கிற்கு மேல் வெள்ளீயம்; எஞ்சியது செம்பும் ஆண்டிமனியும்.

தட்டுக்கும் ஈயத்துக்கும் உள்ள உறவு இதனினும் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கின் குயவர், சீனப் பீங்கானின் வெண்மையைக் கண்டு வியந்து, ஈயச் சுண்ணம் கலந்த மெருகைச் சுட்ட மண்மீது பூசி அவ்வெண்மையைப் பெற முயன்றனர். அந்நுட்பம் ஸ்பெயின், இத்தாலி வழியாகச் சென்று, பதினேழாம் நூற்றாண்டில் ஆலந்தின் டெல்ஃப்ட் நகரில் நீலச் சித்திரத் தட்டுகளாகப் புகழ்பெற்றது. எளியோர் உண்ணும் மண்தட்டு செல்வர் வீட்டுச் சுவரை அலங்கரிக்கும் ஓவியமாயிற்று.

தமிழர் ஈயத்தை அறியாதவரல்லர். புளி பட்டால் களிம்பேறும் பித்தளைப் பாத்திரத்திற்கு உள்ளே ஈயம் பூசினோம். ஈயச் சொம்பில் ரசம் வைத்தோம். அடுப்பில் வெறுஞ்சொம்பை மறந்தால் அது 232 பாகை வெப்பத்தில் உருகி ஓடிவிடும் என்பதை நம் பாட்டிமார் வெப்பமானி இன்றியே அறிந்திருந்தனர். அலங்காரத் தட்டு மரபும் நமக்குண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தோடு மரபு இணைத்துப் பேசும் தஞ்சாவூர்க் கலைத்தட்டில், பித்தளைத் தட்டின்மீது வெள்ளியும் செம்பும் தெய்வ உருவங்களாகப் புடைத்து நிற்கின்றன. ஆனால் அது உண்ணுவதற்கன்று, காண்பதற்கு. விருந்தின் உயர்வை நாம் தட்டில் தேடவில்லை, வாழையிலையில் கண்டோம். உண்டதும் எறியப்படும் இலை எவருடைய எச்சிலையும் அடுத்தவருக்குத் தருவதில்லை. அது வரலாற்றுக்கும் எதையும் விட்டுச் செல்வதில்லை.

தோட்ட வீட்டில் நாள்தோறும் சோறு விழுந்த கலம் வேறு. அது மங்கு. மலாய் மொழியின் மங்கோக் என்ற சொல்லுக்கு ஒலியால் நெருங்கிய பெயர் அது. இரும்புத் தகட்டின்மீது கண்ணாடிப் பூச்சு உருக்கி ஏற்றிய எளிய கலம். விளிம்பில் ஒரு நீலக் கோடு, நடுவில் சில பூக்கள். அவ்வளவே அதன் அலங்காரம். கீழே விழுந்தால் உடையாது, பூச்சு மட்டும் சிதறும். சிதறிய இடத்தில் துரு ஏறும். நெடுங்காலம் இத்தகைய பூச்சுக்கு வெண்மை தந்த பொருள்களுள் ஈயச் சுண்ணமும் ஒன்று என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இன்று நிலை என்ன? 1985 அக்டோபரில் உலக ஈய மன்றம் பணமின்றி நிலைகுலைய, விலை சரிந்து மலேசியச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாயின. பியூட்டர்த் தட்டு கண்ணாடிப் பேழையில் பத்திரமாக இருக்கிறது. அதை வார்த்தவர் பெயரும் ஆண்டும் அறியக் கிடைக்கின்றன. தோட்டத்து மங்கோ, வீடு மாறும் நாளில் குப்பைக்குப் போகிறது. விலையுயர்ந்த கலத்திற்கு வரலாறு உண்டு, வியர்வை சிந்தியவன் கலத்திற்கு இல்லை என்ற நிலை நியாயமாகுமா?

இதை மாற்றப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தமிழாசிரியர்கள் தம் மாணவரிடம் ஒரு பணியை ஒப்படைக்கலாம்: தாத்தா பாட்டி எந்தக் கலத்தில் உண்டனர், அதை எங்கு வாங்கினர், என்ன பெயரிட்டு அழைத்தனர் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லலாம். அக்கலம் இன்னும் இருந்தால் அதன் படத்தையும் சேர்க்கலாம். வட்டில், தாலம், மங்கு என்னும் சொற்கள் அகராதியிலிருந்து இறங்கி அவர்கள் நாவில் ஏறும். அவ்வேடுகளைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைத்தால், நாளை நம் வரலாற்றை எழுத வருபவனுக்கு அவை முதற்சான்றாகும்.