வடசென்னையின் கட்டம் போட்ட லுங்கி

லுங்கி அல்லது கைலி, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் மீனவர்களும் துறைமுக, ஆலைத் தொழிலாளர்களும் அன்றாடம் உடுத்தும் ஆணாடையாகும். இப்பகுதித் தெருக்களைக் காட்டும் புகைப்படங்களிலும் திரைப்படங்களிலும் இது பெரும்பாலும் வறுமைக்கும் முரட்டுத்தனத்துக்கும் அடையாளமாகவே இடம்பெறுகிறது. ஆனால் இந்தக் கட்டத் துணி, கடல் கடந்து மதிப்புப் பெற்ற ஒன்று.

பழவேற்காடு

எண்ணூருக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையின் துணிகள் இங்கிருந்து தென்கிழக்காசியாவுக்குக் கப்பலேறின. அங்கு நறுமணப் பொருட்களை வாங்கத் துணியே விலையாகக் கொடுக்கப்பட்டது. மலாய் ஆண்கள் வீட்டிலும் தொழுகையின்போதும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிகாட்' என்று பெயர். பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிகாட்' என்றனர். அதன் திரிபே பெலிகாட்.

வண்ணாரப்பேட்டையும் காலடிப்பேட்டையும்

1639-இல் சென்னையில் காலூன்றிய ஆங்கிலேயரின் முதன்மைச் சரக்கும் துணியே. ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூரில் நெசவாளர்களைக் குடியமர்த்தினார். அவர் பெயரால் அமைந்த 'காலட் பேட்டை' மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. சென்னையிலிருந்து சென்ற கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவிலும் விரும்பப்பட்டது. நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்துத் தம் சடங்குகளில் பயன்படுத்தினர்.

அமெரிக்காவில் 'மெட்ராஸ்'

1950-களின் இறுதியில் புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் அமெரிக்க ஆடை நிறுவனம் இத்துணியில் சட்டைகளைத் தைத்து விற்றது. துவைத்தபோது சாயம் ஓடியதால் வாங்கியவர்கள் குறை கூறினர். பின்னர் அக்குறையே விளம்பரமாக மாறியது. ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் மாறும் துணி என்று புகழப்பட்டு, 'பிளீடிங் மெட்ராஸ்' என்னும் பெயரில் அது கல்லூரி இளைஞர்களின் நாகரிக உடையாயிற்று.

இன்றைய நிலை

இன்று குடியாத்தம், குறிஞ்சிப்பாடி முதலிய ஊர்களில் லுங்கிகள் நெய்யப்படுகின்றன. வடசென்னையின் பழைய நெசவு, வெளுப்புத் தொழில்களை நினைவூட்ட ஊர்ப்பெயர்களே எஞ்சியுள்ளன. நியூயார்க்கில் சட்டையாகப் போற்றப்பட்ட கட்டம், காசிமேட்டில் இடுப்பில் இருந்தால் இழிவாகப் பார்க்கப்படுகிறது. இந்த வேறுபாடு துணியில் இல்லை. உடுத்தியவரை நாம் பார்க்கும் பார்வையில் இருக்கிறது. எனவே இப்பகுதியைப் படமெடுப்போர் லுங்கியை ஏழ்மையின் குறியாக மட்டும் காட்டுவது, நானூறு ஆண்டுக் கடல் வணிக வரலாற்றை மறைப்பதாகும்.