மஞ்சள் லேசர் பட்டதும் சோடியம் ஆவி பிளாஸ்மாவாவது எப்படி?

பிளாஸ்மா என்றதும் சூரியன், மின்னல், வெல்டிங் வெளிச்சம் என்று கொதிக்கும் சமாச்சாரங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் வாயுவைச் சுடவைக்காமல், மின்சாரமும் பாய்ச்சாமல், சரியான நிறத்தில் ஒளியைச் செலுத்தியே பிளாஸ்மா உண்டாக்கலாம். அது எப்படி?

கணக்கு இடிக்குதே!

ஒவ்வொரு அணுவும் குறிப்பிட்ட சில நிறங்களை மட்டுமே நன்றாக விழுங்கும். சோடியத்துக்கு அது 589 நானோமீட்டர் மஞ்சள். சோடியம் தெருவிளக்கின் மஞ்சளுக்கும் இதே அணுதான் காரணம். இதைத்தான் ஒத்ததிர்வு ஒளி என்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். சோடியம் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 5.14 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஒரு மஞ்சள் ஃபோட்டானிடம் இருப்பதோ சுமார் 2.1. பாதிகூட இல்லை. ஆனாலும் 1976-ல் அமெரிக்காவில் லுக்காடோர்ட்டோ, மெக்கில்ராத் இருவரும் 589.6 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சியபோது, சோடியம் ஆவி ஏறத்தாழ முழுவதுமே அயனிகளாகிவிட்டது. அதுவும் ஒரு மைக்ரோநொடிக்குள்!

மீதி ஆற்றல் எங்கிருந்து வந்தது?

மோதல்களில் இருந்து. லேசர் பட்டதும் ஏராளமான அணுக்கள் ஒளியை விழுங்கி, கிளர்ந்த நிலைக்குப் போகின்றன. அப்படி இரண்டு அணுக்கள் மோதி ஒட்டிக்கொண்டு மூலக்கூறு அயனியாகும்போது ஓர் எலெக்ட்ரான் கழன்றுவிடும். தொடங்கி வைக்க இப்படிச் சில எலெக்ட்ரான்கள் போதும்.

அந்த எலெக்ட்ரான் இன்னொரு கிளர்ந்த அணுவில் மோதினால், அணு தன்னிடமுள்ள 2.1 எலெக்ட்ரான் வோல்ட்டை அதற்குக் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். உடனே லேசர் அந்த அணுவை மறுபடி ஏற்றிவிடும். எலெக்ட்ரான் இப்படி இரண்டு மூன்று முறை வாங்கிச் சேர்த்தால் போதும். கிளர்ந்த அணுவை உடைக்க இனி 3 எலெக்ட்ரான் வோல்ட்தானே வேண்டும்! ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். நிறம் கொஞ்சம் விலகினால் அணு ஒளியைக் கண்டுகொள்ளாது. இந்தச் சங்கிலியும் தொடங்காது. கனடா இயற்பியலாளர் ரேமண்ட் மெஷர்ஸ் இதை முன்பே கணித்திருந்தார்.

இதனால் என்ன பயன்?

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 'அவேக்' சோதனையில் 10 மீட்டர் நீளக் குழாயில் ருபீடியம் ஆவி. அந்த அணுவுக்கேற்ற 780 நானோமீட்டர் லேசரே அதைப் பிளாஸ்மாவாக்குகிறது. ஒரு வித்தியாசம்: அங்கே லேசர் துடிப்பு மிக மிகக் குறுகியது, மோதல்களுக்கு நேரமே கிடையாது, ஒளியின் தீவிரமே எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது. அந்தப் பிளாஸ்மாவில் புரோட்டான் கற்றை எழுப்பிய அலையில் ஏறிய எலெக்ட்ரான்கள், 2018-ல் சுமார் 19 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி 2 கிகா எலெக்ட்ரான் வோல்ட் வரை போயின, அந்த 10 மீட்டருக்குள்ளேயே.