ஆற்றுவாயில் தூண்டில்: எந்த மாதம் எப்படி?

தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயில் ஒரு காலத்தில் கடல்நீர் ஏறி இறங்கியது. 2008ல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின்னர், அந்த நீரும் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் நன்னீர்த் தேக்கத்தில் சேர்கின்றன. கிராஞ்சி, சிலேத்தார், பொங்கோல், சிராங்கூன் ஆறுகளின் வாய்களும் அடைக்கப்பட்டுவிட்டன. கடல் இன்னும் உள்ளே வந்துபோகும் ஆறுகளில் எளிதாகப் போய்ப் பார்க்கக்கூடியவை பாசிர் ரிஸ்ஸில் உள்ள சுங்கை தெம்பனிஸ், சுங்கை அப்பி அப்பி. இரண்டும் ஜோகூர் நீரிணையில் கலக்கின்றன.

இங்கு மாதத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது ஏற்றவற்றம். பெரும்பாலான நாள்களில் கடல் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேறுபாடு இரண்டு மீட்டரைத் தாண்டும். விரதத்துக்காக வீட்டில் மாட்டியிருக்கும் நாள்காட்டி இதற்கும் உதவும்! நீர் ஏறும்போது மடவைகள் சேற்றில் மேய உள்ளே வருகின்றன. அவற்றைத் தேடிக் கொடுவா வரும். நீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் பொறுமைதான் சோதிக்கப்படும்.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. தொடர்மழைக்குப் பின் ஆறு கலங்கி, உப்பு குறையும். சீனப் புத்தாண்டை ஒட்டி ஓரா மீன் சினையோடு திரளும். சந்தையில் விலையும் ஏறும். பிப்ரவரி, மார்ச்சில் மழை குறைந்து காற்று வீசும். 2015ல் இதே மாதங்களில் பாசிப் பெருக்கத்தால் கிழக்கு ஜோகூர் நீரிணைப் பண்ணைகளில் ஏராளமான மீன்கள் செத்தன. செத்து மிதக்கும் மீனை எடுத்துச் சமைக்க வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. விடியலுக்கு முன் சுமத்ரா புயல்காற்று திடீரென அடிக்கும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. கார்பன் தூண்டில் கழி மின்சாரத்தைக் கடத்தும். இடிச்சத்தம் கேட்டதும் கழியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மீன் நாளையும் இருக்கும்.

செம்பிலாங் எனப்படும் வால்கெளுத்தி சிக்கினால் வெறுங்கையால் தொடாதீர்கள். முதுகிலும் பக்கவாட்டிலும் நச்சு முள் உண்டு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்து, மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஆற்றோரம் முழுவதும் தூண்டில் போட அனுமதி இல்லை. பலகை காட்டும் இடத்தில் மட்டுமே. நீர்த்தேக்கங்களிலும் குறிப்பிட்ட இடங்கள்தான், அங்கும் செயற்கை இரை மட்டுமே. உயிருள்ள இறாலுடன் போனால் அபராதம் வரலாம்.