கொல்லிமலைப் பொன்

பொன் என்னும் சொல் பழந்தமிழில் ஓர் உலோகத்திற்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இரும்பைக் கரும்பொன் என்றும் வெள்ளியை வெண்பொன் என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஐந்து உலோகங்கள் ஒன்றாய் உருகியபோது அதனை ஐம்பொன் என்றனர். ஆகவே, "எந்தப் பொன்னில் நகை செய்வது?" என்னும் வினா நமக்குப் புதியதன்று. இன்று திருமணப் பேச்சு தொடங்கிய வீடுகளில் இவ்வினா மீண்டும் எழுகின்றது. மஞ்சள் தங்கமா, வெண்தங்கமா, பிளாட்டினமா, வெள்ளியே போதுமா என்று பெற்றோரும் பிள்ளைகளும் விவாதிக்கின்றனர். கடையின் விலைப்பட்டியல் அன்றைய விலையை மட்டுமே சொல்லும். ஓர் உலோகத்தின் மதிப்பு எவ்வாறு உயர்ந்தது, எவ்வாறு வீழ்ந்தது என்பதை வரலாறே சொல்லும். அவ்வரலாற்றின் ஒரு பகுதி நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் எழுதப்பட்டிருக்கின்றது.

வள்ளல் ஈந்த பொன்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி கொல்லிமலைக்குத் தலைவன். வன்பரணர் என்னும் புலவர் அவனைப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. வேட்டையாடிய ஒருவனைப் பாணர் கூட்டம் காட்டிலே காண்கின்றது. அவன் இன்னான் என்று சொல்லிக்கொள்ளாமலேயே அவர்களுக்கு ஊனும் தேறலும் அளிக்கின்றான். பிறகு தன் மலையிலேயே பிறந்த மாசற்ற பொன்னை மணிக்குவியலோடு கலந்து கொடுத்து அனுப்புகின்றான். மற்றொரு பாடலில், அவன் ஈந்த மணிகள் பதித்த குவளைப் பூக்கள் வெண்ணிற நாரில் தொடுக்கப்பட்டிருந்தன என்கிறார் புலவர். அது வெள்ளி நார் என்பர் உரைகாரர். பொன்னும் மணியும் வெள்ளியும் சேர்ந்த அணிகலன் அக்காலத்திலேயே இம்மலை நாட்டில் போற்றப்பட்டது என்பதற்கு இப்பாடல்கள் சான்று.

ஓரியைப் போரில் கொன்ற காரி, கொல்லிமலையைச் சேரனுக்கு உரியதாக்கினான். மலை கைமாறிற்று, பொன்னும் கைமாறியிருக்கும். ஆனால் ஓரியின் பெயர் நிலைத்தது அவன் சேர்த்துவைத்த பொன்னால் அன்று, கொடுத்துவிட்ட பொன்னால்.

பாரிஸ் அரண்மனையும் மேட்டூர் ஆலையும்

இருபதாம் நூற்றாண்டில் கொல்லிமலை வேறோர் உலோகத்திற்காகத் தோண்டப்பட்டது. அலுமினியத்தின் மூலக்கனியமாகிய பாக்சைட் அதன் மேற்பரப்பில் கிடைக்கின்றது. 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இம்மலையிலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் அக்கனியம் சென்றது. நான்கு டன் பாக்சைட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு டன் உலோகமே கிடைக்கும். அதற்கும் மின்சாரம் பெருமளவில் வேண்டும். 2008-இல் அவ்வாலையின் உலோக உற்பத்தி நின்றது.

அலுமினியத்திற்கும் நகைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். நம் வீட்டுச் சோற்றுப் பானையாகவும் விருந்துத் தேக்சாவாகவும் விளங்கும் இந்த உலோகம் ஒரு காலத்தில் அரச குடும்பங்களின் ஆபரணமாக இருந்தது! 1825-இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் இதனை முதன்முதலில் பிரித்தெடுத்தார். 1854-இல் பிரான்சின் தெவில் இதனைச் சற்றுக் கூடுதலாகச் செய்யும் முறையைக் கண்டார். மறு ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அலுமினியக் கட்டிகள் வியப்புப் பொருளாக வைக்கப்பட்டன. மூன்றாம் நெப்போலியன் தன் மகனுக்குச் செய்வித்த கிலுகிலுப்பையில் தங்கத்தோடு அலுமினியமும் இருந்தது. அந்நாளைய பொற்கொல்லர்கள் அலுமினியத்தில் காப்பும் உடையூசியும் செய்து, அதனைச் சுற்றித் தங்கத்தால் அலங்கரித்தனர். 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் நூறு அவுன்ஸ் எடையுள்ள அலுமினியக் கூம்பு பொருத்தப்பட்டபோது, அதன் விலை வெள்ளியின் விலைக்கு நிகராயிருந்தது.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1886-இல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்சின் எரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறையைக் கண்டனர். விலை சரிந்தது. 1898-இல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். பேரரசன் வீட்டுத் தொட்டிலில் ஒலித்த உலோகம் ஏழையின் அடுப்பில் ஏறிற்று. அது இழிவன்று, மக்களுக்கு நன்மையே. ஆனால் கிடைத்தற்கு அருமை என்பதற்காக மட்டும் அதனை நகையாகச் செய்தோர் கையில் எஞ்சியது என்ன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலையடிவாரத்து வெண்ணிற உலோகம்

கொல்லிமலை இருக்கும் அதே நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்னும் ஊர் உள்ளது. அதன் பாறைகளில் பிளாட்டினக் குழும உலோகங்கள் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்துள்ளது. பிளாட்டினத்தின் கதை அலுமினியத்தின் கதைக்கு நேர்மாறாகத் தொடங்கியது. தென் அமெரிக்க ஆற்று மணலில் தங்கத்தோடு இது கிடைத்தபோது, ஸ்பானியர் இதனைத் தொல்லையாகக் கருதி, 'சிறுவெள்ளி' என்னும் பொருள்பட இகழ்ச்சியாகப் பெயரிட்டனர். தங்கம் 1064 பாகை செல்சியசில் உருகும். பிளாட்டினம் உருக 1768 பாகை வேண்டும். அக்காலத்து உலைகளுக்கு அது அடங்கவில்லை. அதனை ஆளும் முறை கைவந்த பிறகே, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வைரம் பதிப்பதற்கு அதுவே சிறந்தது என்றாயிற்று. 2008-இல் தங்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விற்ற பிளாட்டினம், 2015 முதல் தங்கத்தினும் தாழ்ந்தது. அதன் உறுதியோ நிறமோ குறையவில்லை. சந்தையின் மனம்தான் மாறிற்று.

அரபு மொழி அறிஞர்களின் தராசு

இந்த ஏற்ற இறக்கங்களுக்கிடையே தங்கமும் வெள்ளியும் நெடுங்காலம் நிலைத்து நின்றன. பத்தாம் நூற்றாண்டில் எமன் நாட்டு அறிஞர் அல்ஹம்தானி, அவ்விரண்டின் சுரங்கங்களையும் தூய்மையாக்கும் முறைகளையும் பற்றியே ஒரு நூல் இயற்றினார். அதன் பெயரிலேயே அவற்றைத் 'தொன்மையான இரு மணிகள்' என்று குறித்தார். அல்பிரூனி உலோகங்களை நீரில் நிறுத்து அவற்றின் அடர்த்தியை ஒப்பிட்டார். 1121-இல் அல்காஸினி எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூல், தங்கத்தில் வெள்ளி கலந்திருப்பதை நீர்த்தராசினால் கண்டறியும் வழியை விளக்கிற்று. நிறத்தை நம்பாதே, நிறுத்துப் பார் என்பதே அவர்தம் நெறி.

அந்நெறி இன்றும் பழையதாகிவிடவில்லை. இந்தியாவில் 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க் முத்திரையின் நோக்கமும் அதுவே. 22 காரட் நகையில் 916 என்றும், 18 காரட் நகையில் 750 என்றும் இருக்கும். ஆயிரம் பங்கில் தூய தங்கம் எத்தனை பங்கு என்பதே அவ்வெண்ணின் பொருள். தூய தங்கம் மிக மென்மையானது. ஆதலின் செம்பும் வெள்ளியும் சேர்ப்பர். கல் பதிக்கும் நகைக்குப் பிடிப்பு உறுதியாயிருக்க வேண்டும் என்பதால் 18 காரட்டைத் தேர்வதுண்டு. அணிந்தும் மகிழ்ந்து, இடர் வந்தால் விற்றும் பயன்கொள்ள வேண்டும் என்போர்க்கு 22 காரட்டே ஏற்றது.

பெயரும் பொருளும்

நம் குடும்பங்கள் இங்கே ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். வெண்தங்கம் என்பது பிளாட்டினம் அன்று. தங்கத்தோடு பல்லேடியமோ நிக்கலோ கலந்து, பெரும்பாலும் ரோடியம் பூசி வெண்மையாக்கியது. நிறம் மாறினாலும் அது தங்கமே. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருப்பதால், மணமகனுக்கு வெண்தங்க மோதிரம் அணிவிப்பது கூடாது. வெள்ளி மோதிரம் ஆகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முத்திரை மோதிரமே வெள்ளியினால் ஆனது. மணக்கொடையாக இரும்பு மோதிரமேனும் தேடிவரும்படி ஓர் ஏழைத் தோழரை அவர்கள் பணித்த செய்தியையும் நாம் மறத்தலாகாது.

ஜகாத்தின் கணக்கும் உலோகத்தைப் பொறுத்ததே. தங்கத்திற்கு இருபது மிஸ்கால், அதாவது ஏறத்தாழ 85 கிராம். பவுன் கணக்கில் பத்தரைக்குச் சற்று மேல். வெள்ளிக்கு இருநூறு திர்ஹம், ஏறத்தாழ 595 கிராம். பெண்கள் அணியும் நகைக்கும் ஜகாத் உண்டு என்பது ஹனபி மத்ஹபு. அளவோடு அணியும் ஆகுமான நகைக்கு இல்லை என்பது ஷாபிஈ மத்ஹபு. வணிகச் சரக்காக அல்லாத பிளாட்டினத்திற்கு ஜகாத் இல்லை. ஆயினும் கடமையைத் தவிர்ப்பதற்காக ஒருவர் உலோகத்தை மாற்றினால், அந்த எண்ணத்திற்கு அவரே பொறுப்பாளர்.

எனவே நகை வாங்கச் செல்வோர் முதலில் அதன் பெயரையன்று, பொருளைக் கேட்கட்டும். பளபளப்பையன்று, மாற்றையும் எடையையும் பார்க்கட்டும். அருமை ஒரு கண்டுபிடிப்பினால் மறைந்துவிடும். நாகரிகம் ஒரு தலைமுறையில் மாறிவிடும். கடன்பட்டு வாங்கிய பத்துப் பவுனைவிடக் கையிலிருப்பைக் கொண்டு வாங்கிய இரண்டு பவுன் பெண்ணின் கழுத்துக்கு இலகுவானது. அந்த இரண்டிலும் இல்லாதவர்க்கு ஒரு பங்கு பிரித்துக் கொடுக்கும் மனம் அமைந்துவிட்டால், கொல்லிமலைத் தலைவனின் பொன் எதனால் இன்றுவரை பேசப்படுகின்றது என்பது அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.