பதினாலு காரட் வந்தப்ப

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. சீனப் போர் ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பு மெலிந்திருந்த நேரம். கள்ளத் தங்கம் கடல் வழியே இறங்கிக்கொண்டிருந்தது. நகை ஆசையைக் குறைத்தால் கடத்தலும் குறையும் என்று நம்பினார் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். புதிதாகச் செய்யும் எந்த நகையும் 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

எங்கள் வீட்டில் அதை ஆண்டுக் கணக்கில் சொல்ல மாட்டார்கள். "பதினாலு காரட் வந்தப்ப" என்றுதான் பேச்சு. அத்தை பிறந்தது பதினாலு காரட் வந்தப்ப, பசுமாட்டை விற்றது பதினாலு காரட் வந்தப்ப. கோயமுத்தூர் கெம்பட்டி காலனியில் தாத்தா பட்டறை வைத்திருந்தார். அப்பா அங்கேதான் ஊதுகுழல் பிடிக்கக் கற்றார், அப்பாவிடம் நான் கற்றேன். இன்றும் கடைகளுக்கு வேலை எடுக்காமல் வீடுகளுக்கு நேரடியாகச் செய்து கொடுக்கும் பத்தர் நான். அதனால் அந்த உத்தரவு எதை உடைத்தது என்று எனக்குச் சொல்லத் தெரியும்.

அன்றைக்கு நகை வேண்டுமென்றால் வீட்டுக்காரர் பழைய நகையையோ சேர்த்துவைத்த சவரனையோ எடுத்துக்கொண்டு பத்தரிடம் வருவார். எதிரே உட்காரவைத்து உரைகல்லில் உரைத்துக் காட்டி, மூசையில் உருக்கி, எடை சொல்லி எழுதிக்கொள்வார் தாத்தா. அப்புறம் அளவு. வளையலுக்கு மணிக்கட்டை அளந்தால் பிரயோசனமில்லை. ஐந்து விரலையும் குவித்து, கட்டைவிரலின் அடிமுட்டு எங்கே அடைக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். மோதிரத்துக்கும் அப்படியே, விரலின் அடி மெலிந்து முட்டு பெருத்த கைகள்தான் அதிகம். வயல்வேலை செய்கிற கைக்கும் கணக்கு எழுதுகிற கைக்கும் முட்டு ஒன்றாக இருக்காது.

அளவு எடுத்ததும் அதை அப்படியே தகட்டில் வெட்டிவிட முடியாது. உள்விட்டம் 18 மில்லிமீட்டர் வேண்டும், தகட்டின் கனம் 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் சுற்றளவு ஐம்பத்தாறரை. அந்த நீளத்துக்கு வெட்டி வளைத்தால் மோதிரம் சிறுத்துப்போகும். விட்டத்தோடு கனத்தையும் கூட்டிக்கொண்டு 63 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். தாத்தாவுக்கு இந்தச் சூத்திரம் எழுதத் தெரியாது. "கனத்தைப் போல மூணு பங்கு கூடப் போடு" என்பார். சரியாக வரும்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் மெல்லிய பித்தளைக் கம்பியில் வளையங்கள் செய்து ஒரு நூலில் கோத்து வைத்திருந்தார். பாட்டி கை, மருமகள் கை, பேத்தி கை எல்லாம் அதில் இருக்கும். பேத்தி வளர வளர வளையம் மாறும், அதற்கேற்ப நகையும் மாறும். வளையலை அறுத்து, ஒரு துண்டு சேர்த்து, பற்றவைக்கிற பொடி வைத்து ஊதி, இழைத்து மெருகேற்றினால் ஒட்டிய இடம் தெரியாது. அது தெரியாமலிருக்கக் காரணம் அன்றைய நகைகளின் 22 காரட் தங்கம். நூற்றுக்கு 91.6 பங்கு தங்கமாக இருப்பதால் தட்டினால் விரியும், கம்பியச்சில் இழுத்தால் முடிபோல நீளும்.

14 காரட்டில் தங்கம் நூற்றுக்கு 58.3 பங்குதான். மீதியெல்லாம் செம்பும் வெள்ளியும். சுத்தியலுக்கு முரண்டு பிடிக்கும். அடிக்கடி சுட்டு இளக்காவிட்டால் விளிம்பு வெடிக்கும். நெருப்பில் காட்டினால் செம்பு கறுத்துப்போகும். பற்றவைக்கிற பொடி நகைக்கு முன்னால் இளக வேண்டும், நிறமும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் அதையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. தலைமுறையாகக் கைக்குப் பழகிய சூடும் நிறமும் ஒரே நாளில் உதவாமல் போயின. அப்படிக் கஷ்டப்பட்டுச் செய்தாலும் யார் வாங்குவார்கள்? பெண்ணுக்கு 14 காரட்டில் தாலி செய்ய எந்த வீட்டுக்கு மனம் வரும்? வேலை நின்றது. நாடெங்கும் பொற்கொல்லர்கள் கஞ்சிக்கு வழியில்லாமல் தவித்தார்கள், பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். அரசாங்கம் கடன் கொடுத்தது, மாற்று வேலை தருவதாகச் சொன்னது. சுத்தியல் பிடித்த கைக்குத் தெரிந்த மாற்று வேலை எது? இதைப் பொருளாதாரக் கொள்கையின் பிழை என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

1966இல் அந்தக் காரட் வரம்பை நீக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கவில்லை. 1968இல் அது முழுச் சட்டமாகவே வந்தது. தங்கக் கட்டியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பத்தர் சான்றிதழ் வாங்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், கையில் வைத்திருக்கும் தங்கத்துக்கு வரம்பு உண்டு. உரிமம் பெற்ற வியாபாரிக்கு அந்த வரம்பு கூடுதல். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளைச் செல்லாது என்றது. சட்டத்தைத் திருத்தித் தொடர்ந்தார்கள். 1990 ஜூனில்தான் அது ரத்தாயிற்று.

இந்த இருபத்தேழு ஆண்டுகளில் எங்கள் பக்கத்துத் தொழில் இடம் மாறிவிட்டது. தங்கம் வைத்துக்கொள்ள முடிந்த கடைக்காரரிடம் மக்கள் போனார்கள். வைத்துக்கொள்ள முடியாத பத்தர் அந்தக் கடைக்கே கூலிக்குச் செய்தார். கடை வந்ததற்குக் காரணம் இது ஒன்றே என்று சொல்ல மாட்டேன். பணப்புழக்கம் கூடியது, ஊர் பெருத்தது, பின்னால் இயந்திரமும் வந்தது. ஆனால் யாருடைய கைக்குச் செய்கிறோம் என்று தெரியாமல் நகை செய்யும் பழக்கம் எங்கள் பட்டறைக்குள் நுழைந்தது அப்போதுதான். நூலில் கோத்த பித்தளை வளையங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அதன் இடத்தில் எண்கள் வந்தன. கடையில் "ரெண்டே நாலு, ரெண்டே ஆறு, ரெண்டே எட்டு" என்று வளையல் கேட்கிறோமே, 2.6 என்றால் இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் ஆறு பங்கும், உள்விட்டம் 60.3 மில்லிமீட்டர். 2.4 என்பது 57.2. நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. சுற்றளவில் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர். அந்த இடைவெளிக்குள் விழும் கைகள் ஏராளம். ஒன்று சோப்பு போட்டு நுழைக்கிறார்கள், இல்லையென்றால் வேலை செய்யும்போது கழற்றி வைக்கிறார்கள். கை தப்பாம்! வளையல்தான் தப்பு.

என்னிடம் வரும் பழைய நகைகளில் அறுத்து ஒட்டிய தடத்தை உருப்பெருக்கியில் தேடிப் பார்ப்பேன். ஒரே வளையலில் இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். தாய்க்குப் பெரிதாக்கி, மகளுக்குச் சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கியிருப்பார்கள். ஒவ்வொரு ஒட்டும் ஒரு பத்தரின் கைவேலை.

உங்கள் வீட்டில் பாட்டி காலத்து வளையலோ மோதிரமோ இறுகிப்போய்க் கிடந்தால், எடைக்குப் போட்டுப் புதிது வாங்காதீர்கள். போட்டால் அது உருக்கப்படும். அந்தக் கைவேலை திரும்ப வராது. உங்கள் ஊரில் ஊதுகுழல் பிடிக்கும் பத்தர் ஒருவராவது இன்னும் இருப்பார். தேடிப் போய், எதிரே உட்கார்ந்து அளவு கொடுங்கள். காலையில் விரல் மெலிந்திருக்கும், வெயிலில் வீங்கியிருக்கும், அதனால் பொழுது சாய்ந்து போங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.